அண்டம் ரெண்டு தடவ அயனியாச்சுன்னா எந்தத் தடவ மூட்டம், எந்தத் தடவ தெளிவு? ஜேம்ஸ் வெப் ஸ்பெக்ட்ரத்த வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருக்கேன்

தட்டட்டி_நட்சத்திரம்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல பி.எஸ்சி. பிசிக்ஸ் மூணாவது வருசம் படிக்கேன். திங்கக்கெழம செமினார். ரீஅயனைசேஷன், தமிழ்ல மறுஅயனியாக்கம்னு தலைப்பு போட்டிருக்கேன், நானே இழுத்து விட்டுக்கிட்டதுதான், இப்ப ரெண்டு நாளா கெடந்து மண்டைய ஒடச்சிட்டு இருக்கேன்.

பிரச்சன என்னன்னா எங்க படிச்சாலும் ரெண்டு கத சொல்லுதாவ. மொதக் கத: பெருவெடிப்பு ஆகி 3,80,000 வருசம் வரைக்கும் எலெக்ட்ரான் தனியா புரோட்டான் தனியா சுத்திட்டு இருந்துச்சு, எல்லாம் அயனி, அதனால வெளிச்சம் நகரவே முடியல, ஒரே மூட்டம். சூடு ஒரு 3,000 கெல்வினுக்கு எறங்கவும் ரெண்டும் சேந்து ஹைட்ரஜன் அணுவா ஆச்சு, மூட்டம் வெலகிருச்சு, அன்னைக்குக் கெளம்புன வெளிச்சம்தான் இப்ப காஸ்மிக் மைக்ரோவேவ் பின்னணியா வருது. சரி, புரிஞ்சுது. ரெண்டாவது கத: அப்பிடி உண்டான நடுநிலை ஹைட்ரஜன் இருக்கே அதுதான் மூட்டமாம், மொத நட்சத்திரங்களும் கேலக்ஸிகளும் வந்து அத அயனியாக்கவும்தான் அண்டம் தெளிஞ்சுதாம், அது முடியதுக்கு ஒரு 100 கோடி வருசம் ஆச்சாம். ஏங்க, மொதல்ல அயனின்னா மூட்டம்னுட்டு அடுத்த பக்கத்துல அயனின்னா தெளிவுங்காவ, ரெண்டும் எப்பிடி சரியாகும்? எங்க சார்ட்ட கேட்டேன், "மூட்டம் வெலகுச்சுன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயேன்டே, எவன் கேக்கப் போறான்"ன்னுட்டாரு. எவனும் கேக்காட்டி என்ன, எனக்கே வெளங்கலியே.

ரெண்டாவது விசயம். பொதுவுல போட்டு வச்சிருக்க டேட்டாவுல இருந்து ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியோட நியர்ஸ்பெக் கருவில ப்ரிசம் வச்சு எடுத்த ஒரு கேலக்ஸி ஸ்பெக்ட்ரத்த, அதாவது ஒளிய அலைநீளவாரியாப் பிரிச்சு வச்சத, எறக்குனேன், தட்டட்டில உக்காந்துதான், கீழ வீட்டுக்குள்ள டவர் கெடைக்காது. பைத்தான்ல வரஞ்சா இப்பிடி இருக்கு: எடது பக்கம் 0.6 மைக்ரான்ல இருந்து 0.97 வரைக்கும் ஒண்ணுமே இல்ல, பூச்சி ஊந்த மாதிரி பூஜ்யத்துக்கு மேலயும் கீழயும் நெளியுது. 0.97 கிட்ட செவரு எழுப்புன மாதிரி ஒரேயடியா ஏறுது. அங்க இருந்து பைய பைய சரிஞ்சுட்டே போய் 3.9, 4 மைக்ரான் பக்கம் மூணு முள்ளு, சின்னது, நடுத்தரம், பெருசு. வலது ஓரத்துல 5.24 பக்கம் இன்னொரு முள்ளு இருக்கா இல்ல என் கண்ணுதானான்னு தெரியல. இத வச்சு அண்டம் அப்ப அயனியா இருந்துச்சா இல்லியான்னு எப்பிடி சொல்லுதாவ? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள சொன்னா புண்ணியமாப் போகும்.

கடைசி_பெஞ்சு_நெல்லை

மொத நட்சத்திரம் வாரதுக்கு முந்துன அந்தக் காலத்துக்கு இருண்ட யுகம்னு பேரு. வெளிச்சம் இல்லாமலே யாவாரம் எப்பிடி நடக்கும்னு சந்தேகம்னா டவுன்ல அல்வாக்கட வரிசைல சாயங்காலம் போயி நில்லு, வெளங்கிரும்.

போகட்டும், நானும் இதத்தான் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். யாராச்சும் ஒழுங்கா சொன்னா நானும் படிச்சுக்கிடுதேன்.

மீடியம்வேவ்_அண்ணாச்சி

ஏல தம்பி, மொத கேள்விக்கு நான் சொல்லுதேன், ரெண்டாவது நமக்கு எட்டாது. நான் வானியல் படிச்சவன் இல்ல, முப்பது வருசம் ரேடியோ ரிப்பேர் பாத்தவன், இப்ப ஹாம் லைசென்ஸ் வச்சுக்கிட்டு ராத்திரி தூங்காமக் கெடக்கேன்.

எங்க கடைக்கு ரேடியோவத் தூக்கிட்டு வாரவன் பாதிப் பேரு ஒரே கம்ப்ளெயின்ட்தான் சொல்லுவான், "அண்ணாச்சி, பகல்ல நல்லாத்தான் பாடுது, ராத்திரி ஆனா நடுவுல எவனோ அரபில பேசுதான்"ன்னு. தொறந்து பாத்தா ரேடியோல ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு மேல ஆகாசத்துல. பகல்ல வெயில் பட்டு 60-ல இருந்து 90 கிலோமீட்டர் உசரத்துக்குள்ள காத்து கொஞ்சம் அயனியாகும், டி அடுக்குன்னு பேரு. மீடியம் வேவ் அலை மேல போச்சுன்னா அத அங்கனயே முழுங்கிரும். பொழுது அடஞ்சுதுன்னா எலெக்ட்ரானெல்லாம் திரும்பப் போய் ஒட்டிக்கிடும், அந்த அடுக்கே இல்லாமப் போயிரும், அலை இன்னும் மேல எஃப் அடுக்கு வரைக்கும் ஏறி, கண்ணாடில பட்ட மாதிரி திரும்பி எறங்கும். அப்பதான் அரபிக்காரன் ஒங்க வீட்டுத் திண்ணைல வந்து உக்காருதான்.

இப்பக் கவனி. எஃப் அடுக்கும் அயனிதான் டி அடுக்கும் அயனிதான். ஒண்ணு முழுங்குது, ஒண்ணு திருப்பி அனுப்புது, ஏன்? டி அடுக்குல காத்து நெருக்கம், எலெக்ட்ரான் பக்கத்துல இருக்கதோட முட்டி முட்டி அலையோட சக்திய வீணாக்கிரும். எஃப் அடுக்குல முட்டதுக்கு ஆளே கம்மி. அப்புறம் இன்னொண்ணு, இந்த ரெண்டையும் எஃப்.எம். அலையும் டிஷ் ஆன்டெனாவுக்கு வார சிக்னலும் கண்டுக்கிடவே கண்டுக்கிடாது, நேரா ஓட்ட போட்ட மாதிரி போயிரும். அதனால "அயனின்னா மறைக்குமா மறைக்காதா"ன்னு மொட்டையா கேட்டா பதில் கெடையாதுடே. எவ்ளோ நெருக்கம், எந்த அலை, இந்த ரெண்டையும் சொன்னாத்தான் சொல்ல முடியும். ஒன் ரெண்டு கதையும் சரியாத்தான் இருக்கும், ரெண்டு கதையிலயும் மறையுத வெளிச்சம் வேற வேறயா இருக்கும், அத மட்டும் வானியல் படிச்ச பிள்ளைங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்.

ஒனக்கு செமினார்ல போட இன்னொரு சங்கதி. அந்த டி அடுக்க உண்டாக்கதுல பெரும்பங்கு சூரியன்ல இருந்து வார 121.6 நானோமீட்டர் லைமன் ஆல்ஃபாங்க ஹைட்ரஜன் ஒளிக்குத்தான், மேல இருக்க நைட்ரிக் ஆக்சைட அது அயனியாக்குது. ஒன் கேலக்ஸி சமாச்சாரத்துலயும் அதே லைமன் ஆல்ஃபாதான் வருமாமே, எங்கயோ படிச்சேன். காந்த நடுக்கோடு நம்ம ஊர்ப்பக்கம் போகதனாலதான் கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் போட்டு இந்த அயனி மண்டலத்தப் பாத்துட்டு இருக்காவ. அங்க கோயில் சிலை பாக்க வார கூட்டத்துல பாதிப் பேருக்கு அது இருக்கதே தெரியாது.

தட்டட்டி_நட்சத்திரம்

அண்ணாச்சி, இத எங்க புஸ்தகத்துல ஒருத்தனும் இப்பிடி சொல்லல. எங்க வீட்டு ரேடியோவும் ராத்திரி அரபிதான், தாத்தா அத பேய்னு சொல்லுவாரு. ஆனா அந்த முள்ளும் செவரும் இன்னும் அப்பிடியே நிக்கி.

ஆத்தங்கரை_அம்பை

தம்பி, நான் அம்பாசமுத்திரம், இப்ப வெளியூர்ல இந்த வேலதான் பாக்கேன், கேலக்ஸி ஸ்பெக்ட்ரம். அண்ணாச்சி விட்ட எடத்துல இருந்து சொல்லுதேன், கொஞ்சம் நீளமாப் போகும், டீ போட்டு வச்சுக்கிட்டுப் படி.

மொதக் கதைல மறைச்சது தனியா திரியுத எலெக்ட்ரான். அது கலர் பாக்காது, எந்த வெளிச்சம் வந்தாலும் செதறடிக்கும். ஆனா அதுக்கு நெருக்கம் வேணும். ரெட்ஷிஃப்ட்னா அண்டம் விரியுததால ஒளியோட அலைநீளம் எத்தன மடங்கு நீண்டுச்சோ அதுல ஒண்ணக் கழிச்ச நம்பர், கூடக் கூட பழைய காலம். மறுஅயனியாக்கம் பாதி முடிஞ்ச காலம்னு, மைக்ரோவேவ் பின்னணிய அளந்த பிளாங்க் சாட்டிலைட் கணக்கு சொல்லுதது ரெட்ஷிஃப்ட் 7.7 பக்கம், பின்னணி வெளிச்சம் கெளம்புன காலம் ரெட்ஷிஃப்ட் ஒரு 1,090. ரெண்டுக்கும் நடுவுல அண்டம் நீளவாக்குல 125 மடங்கு விரிஞ்சிருச்சு, அப்ப அடர்த்தி 125-ஓட கனம், கிட்டத்தட்ட 20 லட்சம் மடங்கு கொறஞ்சு போச்சு. எலெக்ட்ரான் மறுபடி அவுந்து வந்தாலும் ஒண்ணுக்கொண்ணு அவ்ளோ தூரத்துல இருக்கும்போது என்னத்த மறைக்க? இருந்தாலும் சுத்தமா விட்டுரல, பின்னணி ஃபோட்டான் 100 வந்தா ஒரு 5 அந்த எலெக்ட்ரான்ல பட்டு செதறித்தான் நமக்கு வருது. பிளாங்க் 2018-ல 0.054ன்னு குடுத்த நம்பர் அதுதான், 7.7-ங்க கணக்கும் அதுல இருந்துதான் வந்துச்சு.

ரெண்டாவது கதைல மறைச்சது நடுநிலை ஹைட்ரஜன், அது கலர் பாத்துத்தான் மறைக்கும். 91.2 நானோமீட்டருக்குக் கீழ உள்ள ஒளின்னா முழுங்கி அணுவ ஒடச்சிரும், 121.6-ல லைமன் ஆல்ஃபான்னா புடிச்சு கண்ட பக்கம் திருப்பி விட்டுரும். அதுக்கு மேல சிவப்பு பக்கமா போற ஒளிய அது தொடதே இல்ல. அதனாலதான் அண்டம் முழுக்க நடுநிலை ஹைட்ரஜனா கெடந்த காலத்துல உள்ள கேலக்ஸியக்கூட ஜேம்ஸ் வெப் படம் புடிக்கி. இந்த "மூட்டம்"ங்க வார்த்தையப் பாத்தாலே எனக்கு எரிச்சல். மாஞ்சோலைல மூட்டம் எறங்குனா பஸ்சும் தெரியாது மரமும் தெரியாது, இது அப்பிடி கெடையாது, சிவப்புக் கண்ணாடி போட்டவனுக்கு எல்லாம் தெரியும், நீலக் கண்ணாடி போட்டவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவ்ளோதான்.

இப்ப ஒன் செவரு. 0.97 மைக்ரான, அதாவது 970 நானோமீட்டர, 121.6-ஆல வகுத்தா 8, ஒண்ணக் கழிச்சா ரெட்ஷிஃப்ட் 7 பக்கம். அதுக்கு எடது பக்கம் ஏன் பூஜ்யம்? கேலக்ஸில இருந்து 121.6-க்கும் கம்மியா, 110-ஓ 115-ஓ, கெளம்புன ஒளி வார வழில அண்டம் விரிய விரிய நீண்டுட்டே வரும், ஏதாவது ஒரு எடத்துல சரியா 121.6 ஆகும், அந்த எடத்துல கொஞ்சூண்டு நடுநிலை ஹைட்ரஜன் இருந்தாலும் போச்சு. கன்னும் பீட்டர்சனும் 1965-லயே இத எழுதிட்டாவ, குவேசார்ல, அதாவது நடுவுல உள்ள பெரிய கருந்துளையால பளிச்சுனு தெரியுத கேலக்ஸில, கண்ணால பாத்தது 2001-ல, ரெட்ஷிஃப்ட் 6.28. ஆனா தொல்ல எங்கன்னா, 10,000 அணுவுல ஒண்ணு நடுநிலையா இருந்தாலே போதும், செவருக்கு எடது பக்கம் பூஜ்யமாயிரும். பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் பூஜ்யம், பத்தாயிரத்துல பத்தாயிரத்துக்கும் பூஜ்யம். அதனால செவரு இருக்கத மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, செவரு எப்பிடி நிக்கிங்கததான் பாக்கணும்.

நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் பாத்திருப்ப. ஒண்ணத் தட்டினா பக்கத்துல உள்ளதும் அதிரும்பாவ. சுருதி ஒத்துப் போனா அதிரும், கொஞ்சம் எறங்கிட்டா அதிராது. ஹைட்ரஜனும் அதே மாதிரி 121.6 சுருதிக்குத்தான் அதிரும். ஒரு கேலக்ஸி தன்னச் சுத்தி உள்ள வாயுவ அயனியாக்கி ஒரு குமிழி ஊதி வச்சிருக்குன்னு வையி. லைமன் ஆல்ஃபா அந்தக் குமிழிக்குள்ள போகும்போதே விரிவுல சுருதி எறங்கிட்டே போகும். குமிழி பெருசுன்னா, அத தாண்டி நடுநிலை ஹைட்ரஜன்ட்ட போய்ச் சேருததுக்குள்ள நல்லா எறங்கியிருக்கும், ஹைட்ரஜன் கண்டுக்கிடாது, ஒளி தப்பிச்சு நம்மட்ட வந்துரும். குமிழி சின்னதுன்னா மாட்டிக்கிடும். அதுலயும் ஒரு விசயம், நடுநிலை ஹைட்ரஜன் எக்கச்சக்கமா இருந்தா சுருதி லேசா எறங்குனதக்கூட விடாது, செவரோட சிவப்பு பக்கத்தையும் சேத்துக் கரண்டும், செவரு செங்குத்தா நிக்காம மேல வளஞ்சு சரியும். டாம்பிங் விங்னு சொல்லுவோம். அந்த வளவுதான் "இங்க பாதிக்கு மேல நடுநிலை"ன்னு சொல்லுத சாட்சி.

ஒன் ஸ்பெக்ட்ரத்துல அத தேடாத, கெடைக்காது. ப்ரிசம் 1 மைக்ரான் பக்கம் ரொம்ப மோசமாத்தான் பிரிக்கும், பிரிதிறன் ஒரு 30, அப்பிடின்னா 0.03 மைக்ரானுக்கு எல்லாம் இழுகிப் போயிருக்கும். செவரு சாஞ்சிருக்குன்னு நீ நெனைக்கது கருவியோட இழுகலா இருக்கும். அதுக்கு ஒளிய இன்னும் நுணுக்கமாப் பிரிக்குத, பிரிதிறன் 1,000, 2,700 உள்ள கிரேட்டிங் வேணும், இல்லன்னா நெறைய கேலக்ஸிய ஒண்ணு மேல ஒண்ணு கூட்டிப் பாக்கணும்.

முள்ளு மூணும்தான் ஒனக்கு வேண்டிய சரக்கு. சின்னது ஹைட்ரஜன் பீட்டா, 4861 ஆங்ஸ்ட்ராம். மத்த ரெண்டும் எலெக்ட்ரான் ரெண்டு எழந்த ஆக்சிஜன், 4959-உம் 5007-உம். பெருசு நடுத்தரத்தப் போல மூணு மடங்கு இருக்கணும், அது அணுவோட கணக்கு, அண்டத்துல எங்க போனாலும் மாறாது. மூணு வரலன்னா நீ பேக்ரவுண்ட, அதாவது முள்ளுக்கு அடில உள்ள வெளிச்சத்த, கழிச்சதுல தப்பு. ஓரத்துல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம இருக்கது ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஒன் கண்ணு சரிதான், நியர்ஸ்பெக் 5.3 மைக்ரானோட முடிஞ்சிரும், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து நிக்கி பாவம். அத நம்பாம பீட்டாவ 2.86-ஆல பெருக்கு, தூசி இல்லன்னா அதுதான் ஆல்ஃபா. அதுல 8.7 மடங்கு லைமன் ஆல்ஃபா கெளம்பியிருக்கணும். செவரு ஓரத்துல எவ்ளோ வந்திருக்குன்னு பாரு. எவ்ளோ கெளம்புச்சு எவ்ளோ வந்துச்சு, அந்த விகிதந்தான் நாங்க பாதி நேரம் கணக்குப் போட்டுட்டு இருக்கது. ஜேம்ஸ் வெப்புக்கு முந்தி இந்த தூரத்துக்கு ஆல்ஃபா பீட்டா ரெண்டும் அகச்சிவப்புக்குள்ள போயிரும்கதனால எவ்ளோ கெளம்புச்சுங்கதே யாருக்கும் தெரியாது.

கடைசி_பெஞ்சு_நெல்லை

அக்கா அருமை. ஆனா 1,000 கோடி டாலர் போட்டு 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிப்பாட்டி இந்த முள்ளப் பாக்கது கொஞ்சம் ஓவராத் தெரியலியா. அதுவும் ஒரு நேரத்துல ஒரு முள்ளுன்னா எப்ப முடிக்க?

அப்புறம், அயனியாக்குனது யாரு? குவேசாரா, பெரிய கேலக்ஸியா, சின்னதா? எல்லாரும் "கேலக்ஸிகள்"னு பொதுவா சொல்லிட்டு நழுவுதாவ.

ஆத்தங்கரை_அம்பை

ஒரு நேரத்துல ஒண்ணு இல்ல. நியர்ஸ்பெக் உள்ள ரெண்டரை லட்சம் சன்னல் கிட்ட இருக்கு, ஒவ்வொண்ணும் 0.1-க்கு 0.2 மில்லிமீட்டர். ஒரு காந்தம் குறுக்க நகந்து போய் எல்லாத்தையும் தொறக்கும், வேண்டியத மட்டும் மின்னழுத்தம் குடுத்து தொறந்தபடி புடிச்சு வச்சிட்டு மிச்சத்த மூட விட்டுரும். ஒரே ஷாட்ல நூறு கேலக்ஸிக்கு மேல ஸ்பெக்ட்ரம் எடுக்கலாம். சில சன்னல் மாட்டிக்கிட்டு தொறக்காது, சில எடத்துல ஷார்ட் ஆகி அதுவே மினுங்கி படத்தக் கெடுக்கும், நம்ம வீட்டு ஸ்விட்ச் போர்டு மாதிரிதான். நான் ஆசப்பட்ட ஒரு கேலக்ஸி சரியா மாட்டுன சன்னலுக்குப் பின்னால போயி விழுந்து, அன்னைக்கு சோறு எறங்கல.

யாரு செஞ்சதுங்கது சண்ட நடக்க எடம், அதனால நழுவுதாவ. குவேசார் அந்தக் காலத்துல ரொம்பக் கம்மி, அதால மட்டும் முடியாதுன்னு பெரும்பாலும் ஒத்துக்கிட்டாவ, இருந்தாலும் ஜேம்ஸ் வெப்ல மங்கலான கருந்துளைகள் நெறைய தட்டுப்படுதனால அந்தப் பேச்சு முழுசா அடங்கல. அபெல் 2744-ன்னு ஒரு கேலக்ஸிக் கூட்டம், அது லென்ஸ் மாதிரி வேல செய்யுததனால அதுக்குப் பின்னால உள்ள ரொம்ப மங்கலான 8 குட்டிக் கேலக்ஸிய ஸ்பெக்ட்ரம் எடுக்க முடிஞ்சுது, 2024-ல நேச்சர்ல வந்துச்சு. அந்தக் குட்டிங்க நெனச்சதப் போல 4 மடங்கு அயனியாக்குத ஃபோட்டான் விடுதுன்னு தெரிஞ்சுது. குட்டிங்கதான் எண்ணிக்கைலயும் ரொம்ப ஜாஸ்தி, அதனால சோலிய முடிச்சது அதுங்கதான்னு அவங்க சொன்னாவ. ஒடனே இன்னொரு கூட்டம் கணக்குப் போட்டு, "இப்பிடி எல்லாம் ஃபோட்டான் விட்டா அண்டம் ரொம்ப வெள்ளனயே அயனியாகி முடிஞ்சிருக்கணுமே, பிளாங்க் நம்பரோட ஒட்டலியே"ன்னு கெளப்பி விட்டாவ. ஜேம்ஸ் வெப்புக்கு முந்தி ஃபோட்டான் பத்தலன்னு கவல, இப்ப மிஞ்சிப் போச்சுன்னு கவல. கல்யாண வீட்டுல சோறு பத்தாதுன்னு கூடுதலா வடிச்சிட்டு பொறவு முழிக்கத மாதிரி.

ரெண்டுக்கும் நடுவுல மாட்டிட்டு முழிக்க நம்பர் என்னன்னா, கேலக்ஸிக்குள்ள உண்டாகுத அயனியாக்க ஒளில எத்தன பங்கு வெளிய தப்பிக்கி. உள்ளயே வாயு முழுங்கிட்டா வெளிய ஒண்ணும் நடக்காது. அத அந்த தூரத்துல நேரடியா அளக்க முடியாது, வார வழில மிச்ச ஹைட்ரஜன் முழுங்கிரும். அதனால கிட்டக்க உள்ளதுல பாத்து அனுமானிக்கணும். இதுல நம்மாளுக பங்கு இருக்கு, 2015-ல ஏவுன ஆஸ்ட்ரோசாட்ல உள்ள புற ஊதாத் தொலைநோக்கி வச்சு புனே ஐயூகா வானியல் மையத்துல உள்ள கனக் சாஹா குழு ரெட்ஷிஃப்ட் 1.42-ல ஒரு கேலக்ஸில இருந்து அந்த ஒளி தப்பிச்சு வாரதப் புடிச்சாவ, 2020-ல வெளியாச்சு. தம்பி, செமினார்ல இத கண்டிப்பா சொல்லு, நாசா படம் மட்டும் காட்டிட்டு எறங்காத.

குமிழிக்கு நேரடியா சாட்சி வேணும்னா 2023-ல வந்தது ஒண்ணு இருக்கு. ஜே0100+2802-ன்னு ஒரு குவேசார், அதோட ஒளி நம்மட்ட வார வழில எங்க எங்க தெளிவா இருக்குன்னு ஒரு பக்கம் பாத்தாவ, அதே வழில கேலக்ஸி எங்க எங்க இருக்குன்னு ஆக்சிஜன் முள்ள வச்சு இன்னொரு பக்கம் பாத்தாவ. பெருவெடிப்பு ஆகி 90 கோடி வருசம் பக்கம், கேலக்ஸியச் சுத்தி 20 லட்சம் ஒளியாண்டு வரைக்கும் தெளிஞ்சு கெடக்கு. எனக்கு இந்த விசயத்துலயே ரொம்பப் புடிச்ச வேல அதுதான்.

புடிபடாத ஒண்ணும் சொல்லிருதேன். 2025-ல ரெட்ஷிஃப்ட் 13-ல, பெருவெடிப்பு ஆகி வெறும் 33 கோடி வருசத்துல, ஒரு கேலக்ஸில இருந்து லைமன் ஆல்ஃபா 1.7 மைக்ரான்ல பளிச்சுனு வந்து நிக்கி. அப்ப அண்டம் கிட்டத்தட்ட முழுக்க நடுநிலை, வரவே கூடாது. அதுக்குன்னு தனியா ஒரு குமிழி இருந்திருக்கணும், அத ஊதுனது ரொம்ப சூடான பெரிய நட்சத்திரமா கருந்துளையா, இன்னும் பேசிட்டேதான் இருக்காவ.

மீடியம்வேவ்_அண்ணாச்சி

தாயி, நல்லா சொன்ன. நான் ரேடியோக்காரன், என் பங்குக்கு ஒண்ணு. நீங்க எல்லாம் ஹைட்ரஜன் முழுங்குனத வச்சுத்தான அது இருக்குன்னு சொல்லுதிய, அது தானே பேசுத பாஷை ஒண்ணு இருக்கு, 21 சென்டிமீட்டர், 1,420 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துல இருந்து வந்தா நீண்டு நீண்டு ரெட்ஷிஃப்ட் 17-க்கு 79 மெகாஹெர்ட்ஸ் ஆயிரும், எஃப்.எம். பேண்டுக்குக் கொஞ்சம் கீழ. மொத நட்சத்திரம் பத்துன காலத்து சத்தத்த கேக்கணும்னா ஊர்ல உள்ள எஃப்.எம். பாட்டு பூராத்தையும் தாண்டிக் கேக்கணும், நெனச்சுப் பாருங்க.

2018-ல ஆஸ்திரேலியால ஆன்டெனா வச்சிருந்த ஒரு குழு 78 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அந்த சிக்னலப் புடிச்சிட்டோம்னு சொல்லிச்சு. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சாரஸ் 3-ன்னு ஒரு ஆன்டெனா செஞ்சு கர்நாடகத்துல தண்டிகனஹள்ளி ஏரிலயும் சராவதி அணை பின்தண்ணிலயும் தெப்பம் மாதிரி மெதக்க விட்டு அளந்தாவ. தரைல வச்சா மண்ணு கல்லு ஈரம்னு ஒவ்வொரு எடமும் ஒவ்வொரு மாதிரி கொழப்பும், தண்ணி மேல அந்தத் தொல்ல இல்ல. 2022-ல வந்த முடிவு, அந்த சிக்னல் இங்க காணும்னு. ரேடியோ ரிப்பேர்ல நாங்க சொல்லுததுதான், மொதல்ல எர்த்த பாருன்னு. அவங்களும் அதத்தான் பாத்திருக்காவ, எனக்கு அந்தத் தெப்பத்துப் படத்தப் பாக்கும்போது அப்பிடி ஒரு சந்தோசம்.

கடைசி_பெஞ்சு_நெல்லை

அண்ணாச்சி பேசாம நீங்களே போயி செமினார் எடுத்துருங்க வே.

அக்கா, ஒரு சந்தேகம். செவரு மட்டும் வச்சு தூரம் சொல்லலாம்தான? அப்ப முள்ளு எதுக்கு?

ஆத்தங்கரை_அம்பை

சொல்லலாம், தப்பாவும் போகலாம். 2024-ல ஜேம்ஸ் வெப்ப வச்சு ரொம்பப் பழைய கேலக்ஸி தேடுத ஜேட்ஸ் குழு செவர வச்சு ஒரு கேலக்ஸிக்கு ரெட்ஷிஃப்ட் 14.32-ன்னு சொன்னாவ, அப்ப அதுதான் ரெக்கார்டு. பொறவு சிலில உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கில ஆக்சிஜன் முள்ளு கெடச்சுது, பாத்தா 14.18. செவரு எங்க நிக்கிங்கத வெளிய உள்ள ஹைட்ரஜன் மட்டும் முடிவு பண்ணல, அந்தக் கேலக்ஸிக்குள்ளயே கெட்டியா வாயு கெடந்தாலும் செவரு சிவப்பு பக்கமாத் தள்ளிப் போய் வளஞ்சு நிக்கும். எங்களுக்கு இதுதான் தீராத தலவலி. வளவப் பாத்ததும் "ஆகா அண்டம் நடுநிலை"ன்னு துள்ளிக் குதிச்சா, அது வாசல்ல கெடந்த சாக்கா இருக்கும். அதனாலதான் ஒரு கேலக்ஸிய வச்சு எவனாச்சும் பெருசா பேசுனா நான் நம்பதில்ல, அம்பது நூறு வச்சுப் பேசட்டும்.

தட்டட்டி_நட்சத்திரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி பூரா தட்டட்டிலதான், அம்மா ரெண்டு தடவ வந்து கோட்டி புடிச்சிருச்சான்னு கேட்டுட்டுப் போயிட்டாவ. கணக்குப் போட்டதச் சொல்லுதேன், தப்பிருந்தா திருத்துங்க.

பெரிய முள்ளு 4.00 மைக்ரான்ல நிக்கி, 0.5007-ஆல வகுத்தா 7.99, அப்ப ரெட்ஷிஃப்ட் 6.99. நடுத்தர முள்ளு 3.96, பீட்டா 3.88, மூணும் ஒத்துப் போகுது. ஆக்சிஜன் விகிதம் மொதல்ல 2.3 வந்துச்சு, அக்கா சொன்ன மாதிரி பேக்ரவுண்டுதான் தப்பு, பீட்டாவோட சரிவையும் சேத்துக் கழிச்சிட்டேன், திருத்துனதும் 2.9 ஆச்சு. அத பாத்ததும் எந்திரிச்சு ரெண்டு சுத்து நடந்துட்டு வந்தேன், ஏன்னு தெரியல. லைமன் ஆல்ஃபா முள்ளு தனியா ஒண்ணும் தெரியல, செவரு மட்டும்தான். பீட்டால இருந்து கணக்குப் போட்டா பீட்டாவப் போல 25 மடங்கு கெளம்பியிருக்கணும். வந்தது நொய்ஸ்க்குள்ள இருக்கு. அப்ப இதச் சுத்தி பெரிய குமிழி இல்லன்னு சொல்லிரலாமா?

செமினார் தலைப்ப "மூட்டம் யாருக்கு?"ன்னு மாத்திட்டேன். சார் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அண்ணாச்சி, ஒங்க ரேடியோ கதைய மொத ஸ்லைடுல போடுதேன், தாத்தாவோட பேய்னு.

ஆத்தங்கரை_அம்பை

2.9 வந்துச்சுல்ல, கெட்டிக்காரன். குமிழி இல்லன்னு மட்டும் சொல்லாத. கேலக்ஸிக்குள்ள உள்ள வாயுவும் தூசியுமே லைமன் ஆல்ஃபாவ முழுங்கியிருக்கலாம், ப்ரிசம் இழுகல்ல சின்ன முள்ளு செவரோட கரஞ்சும் போயிருக்கலாம். "இதுல இருந்து தப்பிச்சது இவ்வளவுக்கு மேல இல்ல"ன்னு ஒரு மேல் எல்லை மட்டும் சொல்லு, அத கோடு போட்டு காட்டு.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். 5007-ங்கது காத்துல அளந்த அலைநீளம். ஜேம்ஸ் வெப் டேட்டா வெற்றிடத்துக்கு, அதுல அது 5008.24. மாத்திப் போட்டா 6.99-ன்னு இருக்கது 6.987 ஆகும். பாக்கதுக்கு ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், வேகத்துல பாத்தா நொடிக்கு ஒரு 83 கிலோமீட்டர் தப்பு. லைமன் ஆல்ஃபா கேலக்ஸிய விட எவ்ளோ தள்ளி நிக்கிங்கதே பெரும்பாலும் 100, 200 கிலோமீட்டர்தான், நாளைக்கு கிரேட்டிங் டேட்டா எறக்குனன்னா இதுல மாட்டிக்கிடுவ. நானும் மொத வருசம் மாட்டுனேன், மூணு வாரம் தேடுனோம், எங்க கெய்டும் சேந்து.

மீடியம்வேவ்_அண்ணாச்சி

மொத ஸ்லைடுல போடு, ஆனா பேய்னு போட்டுட்டு அடுத்த ஸ்லைடுல டி அடுக்குன்னும் போட்டுருடே. திங்கக்கெழம எத்தன மணிக்கு, எந்த ஹால்? வெளியாள விடுவாவளா?